கிலோமீட்டர் 41, இடப்பக்கச் சரிவு

முதலில் மரங்களைப் பாருங்கள் என்பேன் புதிதாக வருகிறவர்களிடம்.
வேரடி நகர நகர
வானம் எங்கே என்று தேடித்தேடி நிமிர்ந்ததில்
இந்தச் சரிவின் பைன்கள் அத்தனையும்
தூண்டில் முள் போல வளைந்திருக்கின்றன.

கீழே பாச்சா ஆறு.
அதன் மேலே ஒற்றைத் தண்டவாளம்.
தண்டவாளத்துக்கு மேலே மலை,
மலைக்குள்ளே தண்ணீர்.
கடைசி வரியைச் சேர்க்க எங்களுக்கு
இரண்டு குளிர்காலம் பிடித்தது.

அதற்கு முன் சுவர் கட்டினோம்.
கம்பி, கான்கிரீட், திறப்பு விழாவுக்கு ஒரு பித்தளைத் தகடு.
மார்ச்சில் பனி உருகியதும் போய்ப் பார்த்தால்
விரிசல் ஒன்றுகூட விழாமல்
முழுச் சுவரும் அப்படியே
ரயிலை நோக்கி நாலு விரற்கடை
நடந்து வந்திருந்தது.

மலை எங்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

என் வேலை சின்னது.
பன்னிரண்டு துளைகளில் நாடாவை இறக்குவேன்.
நுனி நீரைத் தொட்டதும் கருவி கத்தும்.
எண்ணை எழுதிக்கொள்வேன்.
மழைக்கு மறுநாள்
இறக்கத் தொடங்கும் முன்பே கத்திவிடும்:
ஒன்றரை மீட்டர்,
ஒன்று பத்து,
எண்பது சென்டிமீட்டர்.
களிமண்ணுக்கும் பாறைக்கும் நடுவே
நீர் புகுந்து
மலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது.
தூக்கிய பாரம் சறுக்கத்தானே செய்யும்.

ராடோவன் வந்தான், ஸெனிட்சாவிலிருந்து,
துளையிடும் எந்திரத்தோடும் கருகருவென்ற காபியோடும்.
சரிவின் அடியில் நின்று
ஐந்து பாகை மேல்நோக்கி
அறுபது மீட்டர் உள்ளே போனான்.
துளைபோட்ட குழாய்களைச் செருகினான்.
முதல் குழாயில் சேறு.
இரண்டாவதில் அதுவுமில்லை.
ஆறாவது வரை ஓதம்தான்,
சுவரில் கை வைத்தால் ஒட்டுமே, அவ்வளவு.
கணக்காளர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஏழாவது, மே மாதம், மதியம் மூன்றரைக்கு,
நெஞ்சுச் சளி கட்டியவனைப் போல் இருமியது.
பிறகு காற்று.
பிறகு மலை தன் வயிற்றில் வைத்திருந்தது
கைவிரல் விறைக்கும் குளிரோடு
வந்துகொண்டே இருந்தது.
பத்து லிட்டர் வாளி நிறையப் பதினான்கு விநாடி.
ராடோவன் காபிக் குவளையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு
அதில் பிடித்துக் குடித்தான்.

மூன்று வாரத்தில்
நாடா நாலு மீட்டர் வரை சத்தமில்லாமல் இறங்கியது.
"நீர்மட்டம் திட்டமிட்டபடி குறைந்துள்ளது"
என்று எழுதி அனுப்பினேன்.

அப்போதுதான் ஸ்டெஃப்கா ஹ்வாலா
மேலிருந்து இறங்கி வந்தாள்,
வெறும் வாளி முழங்காலில் இடிக்க இடிக்க.
ஐந்து மாடு, ஒன்று சினை.
கொட்டகைப் பின்னால் இருந்த ஊற்று
செவ்வாய்க்கிழமை நூலாகி
வியாழனன்று நின்றுவிட்டது.
"எங்கே கொண்டுபோனீர்கள்?" என்றாள்.
குழாயைக் காட்டினேன்.
திட்டத்தின் வரைபடத்தில் அவள் கொட்டகை
ஒரு சதுரம், எண் கூட இல்லை.

கீழே விழுந்த நீரை மேலே அனுப்ப
மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும், கையெழுத்து வேண்டும்.
இரண்டு கிடைத்திருக்கும்.
கடைசியில் மூடிய நிலையத்து வீட்டிலிருந்து
எனாமல் குளியல் தொட்டியைப் பெயர்த்து
ஏழாம் குழாயின் கீழ் வைத்தோம்.
தண்டவாளப் பக்கம் வேலி போட்டோம்.
இரண்டு நாள் மாடுகள் முகர்ந்து பார்த்துத் திரும்பின,
புதுப் பிளாஸ்டிக் வாசனை.
மூன்றாம் நாள் சினை மாடு குடித்தது.

இப்போது சாயங்காலமானால்
மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது மலை.

ஹ்வாலா என்றால் ஸ்லோவேனிய மொழியில் நன்றி.
அவளிடம் அது பெயரில் இருந்ததோடு சரி.
"ஜனவரியில் இந்த வழுக்கலில் யார் இறக்குவார்கள் மாட்டை?
நீயா?" என்று கேட்டாள்.
நியாயமான கேள்வி. பதில் எழுதக் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

நவம்பரில் ஆறு நாள் மழை.
ஐந்து ஐம்பத்திரண்டு ரயில்
பத்துக்குப் பதில் நாற்பதில் போனது.
ஓட்டுநர் மட்டும் பழக்கத்தில்
ஒரு தடவை மேலே பார்த்தார்.

நேற்று வாளி நிறைய இருபத்தொரு விநாடி ஆனது.
மலை வற்றுகிறதா,
குழாயில் சுண்ணாம்பு அடைக்கிறதா, தெரியவில்லை.
எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.
தட்டச்சாகித் திரும்பி வந்த அறிக்கையில்
எண் இருந்தது.